ஏலத்துக்கு வரும் சவரக்கத்திகளும் விடுபட்ட ஒரு விவரமும்

இணையவழி ஏலங்களில் பழைய மடக்குச் சவரக்கத்திகளை வாங்குவோர் ஒரு கத்தியைக் குறித்து அறிய விரும்புவன பல. பொறித்திருக்கும் முத்திரை எவருடையது, கத்தி இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்ததா ஜெர்மனியின் ஸோலிங்கனில் பிறந்ததா, அலகின் அகலம் எவ்வளவு, கைப்பிடி கொம்பா செல்லுலாய்டா, துரு விளிம்பை எட்டியிருக்கிறதா என்பன அவற்றுள் முதன்மையானவை. நல்ல விற்பனையாளர் இவை அனைத்துக்கும் விடை தருகிறார். அக்கத்தியைப் பிடித்துத் தொழில் செய்தவர் யார் என்பதை மட்டும் வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை.

சேகரிப்பாளர்களின் அறிவு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயர் பொறிக்கப்பட வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டமியற்றியது. ‘இங்கிலாந்து’ என்ற சொல் இல்லாத ஷெஃபீல்டு கத்தியை அதற்கு முற்பட்டதாக மதிப்பிடும் வழக்கம் இதிலிருந்து வந்தது. அச்சட்டம் அமெரிக்கச் சந்தைக்கே உரியது. ஆகவே இந்தியாவுக்கு வந்த கத்திகளின் காலத்தை அதைக்கொண்டு மட்டும் கணிக்க இயலாது என்பதையும் தேர்ந்த சேகரிப்பாளர் அறிவார். யானைத்தந்தக் கைப்பிடி கொண்ட கத்தியை இந்தியச் சட்டம் வணிகம் செய்யவிடாது என்பதும் அவருக்குத் தெரியும். பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டிய எத்தனையோ கத்திகள் இத்தகையோரால்தான் பிழைத்திருக்கின்றன.

ஆயினும் அவர்களுடைய மதிப்பீட்டில் ஒரு கூறு உற்றுநோக்கத்தக்கது. சவரக்கத்தியைக் கல்லில் தீட்டும்போது விளிம்பும் முதுகும் ஒருசேரக் கல்லில் படும். பல்லாண்டுகள் தீட்டப்பட்ட கத்தியின் முதுகு தட்டையாகிவிடும்; அலகும் ஒடுங்கிவிடும். ஏல விவரக்குறிப்பில் இது குறை, விலையைக் குறைக்கும். புழங்கப்படாத கத்திக்கே உயர்ந்த விலை. ஒரு மனிதர் நாள்தோறும் செய்த உழைப்பு அப்பொருளில் விட்டுச்சென்ற ஒரே எழுத்து அந்தத் தேய்வு. சந்தை அதைப் பழுது என்று படிக்கிறது.

இந்த விடுபடலின் பொருளை உணர, தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் நகரி போன்ற எல்லை ஊரின் சொற்கள் உதவும். தமிழில் இக்கருவி சவரக்கத்தி. பெயர் செயலைச் சுட்டுகிறது. தெலுங்கில் வழங்கும் மங்கலிகத்தி என்ற பெயரோ, அதைப் பிடிப்பவரைச் சுட்டுகிறது. கருவிப்பையைக் குறிக்கும் மங்கலிபொதி என்பதும் அத்தகையதே. தமிழில் அப்பைக்கு அடைப்பம் என்று பெயர். தெலுங்குச் சொல்லில் கருவியையும் மனிதரையும் பிரிக்க இயலாது.

அதே சொல் மனிதரை நோக்கி வீசப்படும்போது வசையாகிறது. நாயீ பிராமணச் சமூகத்தாரை அத்தகைய பெயர்களால் இழிவுபடுத்துவதற்கு எதிராக ஆந்திர அரசு 2022-இல் ஆணை பிறப்பித்தது. அது நியாயமான ஆணை. தமிழகத்திலும் அச்சமூகத்தார் பழைய பெயர்களை மறுத்து, மருத்துவர் என்ற பெயரை உரிமையுடன் ஏற்றிருக்கின்றனர். வெறும் மேற்பூச்சான பெயர்மாற்றம் அன்று அது. கட்டி கீறுவதும் புண்ணாற்றுவதும் அவர்களுடைய ஆண்களின் பணிகளாக இருந்தன. மகப்பேறு பார்த்தவர்கள் அவர்களுடைய பெண்கள். ஆந்திரக் கோயில்களில் நாதஸ்வரம் வாசிப்போரில் பலரும் இச்சமூகத்தவரே.

வசையை நீக்குவதும் மனிதரை நீக்குவதும் ஒன்றல்ல. முன்னது அவர்கள் கேட்டுப் பெற்றது. பின்னது எவரும் கேட்காமல், ‘பழம்பொருள், நல்ல நிலை’ என்ற இரு சொற்களில் நடந்துவிடுகிறது. கத்தி விலைமதிப்புள்ள பொருளாக உயர்கிறது. அதைப் பிடித்தவரின் தொழிலோ இன்றும் ஏளனத்துக்குரியதாகவே நடத்தப்படுகிறது.

நகரியிலிருந்து புத்தூர், ரேணிகுண்டா வழியாக எட்டும் திருப்பதியில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். திருமலைக் கல்யாணகட்டாவில் காணிக்கையாகும் தலைமுடியைத் தேவஸ்தானம் மின்னேலத்தில் விற்கிறது. நீளத்தை அங்குலக் கணக்கில் அளந்து, முடி தரவாரியாகப் பிரிக்கப்படுகிறது. தொற்றுநோய் அச்சத்தால் பழைய தீட்டுகத்தி விலகி, மாற்றிக்கொள்ளும் பிளேடு வந்துவிட்டது. மழிக்கப்பட்ட முடிக்கு மின்னேலப் பதிவு உண்டு. மழித்த பழங்கத்திக்கும் எங்கோ ஓர் ஏலப் பதிவு உண்டு. இரண்டுக்கும் நடுவே இருந்த கையின் திறனுக்குத்தான் பதிவு இல்லை.

இதைச் சரிசெய்யும் பொறுப்பு சேகரிப்பாளரை மட்டும் சார்ந்ததன்று. மொழியியல், நாட்டார் வழக்காற்றியல், வரலாறு ஆகிய துறைகளின் மாணவர்கள் கருவிகளைத் தேடிப்போகும்போது, கத்தியின் முத்திரையோடு சில விவரங்களையும் எழுதிக்கொள்ளலாம்: எந்த ஊரில் புழங்கியது, எத்தனை தலைமுறை கண்டது, எந்தக் கல்லில் எப்படித் தீட்டப்பட்டது, கல்லுக்கும் தோல்வாருக்கும் தீட்டும் முறைக்கும் அக்குடும்பத்தில் வழங்கிய பெயர்கள் யாவை. கருவியைப் பிறகும் வாங்கலாம். இச்சொற்களை வைத்திருக்கும் முதியவர்கள் அவ்வளவு காலம் இருக்கமாட்டார்கள்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. அவமானத்தின் நினைவாக இருக்கும் கருவியோடு தம் பெயர் சேர்வதை ஒரு குடும்பம் விரும்பாமல் போகலாம். பிள்ளைகள் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்ட வீட்டில் அக்கத்தியை விற்பதே ஒரு விடுதலையாகவும் இருக்கலாம். அவ்விருப்பத்தை மதிக்கத்தான் வேண்டும். பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அக்குடும்பத்துக்கே உரியது. ஆனால் அந்தக் கேள்வி அவர்களிடம் கேட்கப்பட வேண்டும். அவர்கள் மறுத்தால், ‘குடும்பத்தார் விருப்பப்படி பெயர் தரப்படவில்லை’ என்று பதிவது நேர்மையான குறிப்பு. கேளாமலே விடும் வெற்றிடத்துக்கும் அவர்கள் கேட்டுக்கொண்டதால் விடப்படும் வெற்றிடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காப்பது ஆய்வின் கடமை.