குழாய் வழியே சென்ற நம்பிக்கை

2023 நவம்பர் 12, தீபாவளி நாள். உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினர். அவர்களுக்கு முதலில் நம்பிக்கையளித்தது ஆறுதல் மொழியன்று. ஒரு குறுகிய குழாய். காற்றும் உணவும் அதன் வழியே சென்றன.

துளையிடும் இயந்திரம் உடைந்து நின்றபோது, எஞ்சிய சில மீட்டர்களைக் கையால் குடைந்தவர்கள் ‘எலிவளை’ச் சுரங்கத் தொழிலாளர்கள். 17ஆம் நாள் 41 பேரும் உயிருடன் மீண்டனர்.

அத்தொழில்முறையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் மேகாலயத்தில் தடைசெய்திருந்தது. தடை சரியே. ஆனால், அந்தக் கைகளுக்கு மாலை சூட்டியதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. அவர்களுக்குப் பாதுகாப்பான, நிலையான வேலை தருவதே நன்றி. பிறர்க்கு நம்பிக்கையளிப்போர் தம் நாளையை எண்ணி அஞ்சி வாழ்தல் முறையன்று.