டர்போ கார் வைத்திருக்கிறீர்களா? ஆயில் கேனில் இருக்கும் அந்த இரண்டு எண்களைக் கவனியுங்கள்

2025 ஏப்ரலில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், 6.2 லிட்டர் வி8 இன்ஜின் கொண்ட பிக்கப்களையும் எஸ்யூவிகளையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகள். கனெக்டிங் ராட், கிராங்க் ஷாஃப்ட் தயாரிப்பில் குறை. ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுபோகலாம். பரிசோதனையில் தேறாத வண்டிகளுக்கு இன்ஜினைப் பழுதுபார்ப்பார்கள், அல்லது புதிதாக மாற்றித் தருவார்கள். தேறிய வண்டிகளுக்கு? பழைய 0டபிள்யூ-20 ஆயிலை வடித்துவிட்டு 0டபிள்யூ-40 ஊற்றுவார்கள். கூடவே புது ஃபில்டர், ஆயில் ஊற்றும் வாய்க்குப் புது மூடி, ஓனர்ஸ் மேனுவலில் செருகி வைக்க ஒரு தாள்.

கோடிக்கணக்கில் செலவழித்து இன்ஜின் வடிவமைக்கும் ஒரு நிறுவனமே, கடைசியில் கெட்டியான ஆயிலைத்தான் மருந்தாகக் கொடுக்கிறது. “பார்த்தீங்களா, தண்ணி மாதிரி ஆயில் ஊத்தாதீங்கன்னு அப்பவே சொன்னேன்ல” என்று உங்கள் மெக்கானிக் அண்ணன் சொன்னால், பாதி அவர் சொல்வது சரி. மீதிப் பாதியில்தான் உங்கள் காரின் இன்ஜினும் வாரண்டியும் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

இது ஏதோ அமெரிக்க பிக்கப் விவகாரம் என்று விட்டுவிட முடியாது. ஐ20 என் லைன், விர்ட்டஸ் ஜிடி, ஸ்லாவியா என்று சின்ன டர்போ பெட்ரோல் கார்கள் இன்று ஐடி பார்க் பார்க்கிங்கில் வரிசையாக நிற்கின்றன. 1 லிட்டர், 1.5 லிட்டர் இன்ஜின்தான். ஆனால் உள்ளே இருக்கும் டர்போ நிமிடத்துக்கு லட்சத்துக்கும் அதிகமான முறை சுற்றும். அதன் தண்டைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய ஆயில் படலம். அந்தப் படலம் எவ்வளவு தடிமனாக இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பாகுத்தன்மை. கேனில் இருக்கும் அந்த எண்கள் சொல்வது அதைத்தான்.

எண்கள் என்ன சொல்கின்றன?

5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ என்றால் வெயிட் இல்லை, விண்டர். முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு லேசாக ஓடும் என்பதற்கு. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் வைத்துச் சோதிப்பார்கள். இரண்டாவது எண் சூடான நிலைக்கு. 100 டிகிரி செல்சியஸில் 20 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் வரை இருக்க வேண்டும். 30 கிரேடு என்றால் 9.3 முதல் 12.5, 40 என்றால் 12.5 முதல் 16.3. எஸ்ஏஇ அமைப்பின் ஜே300 என்ற தரநிலை போட்ட வேலி இது.

“சென்னையில எங்க மைனஸ் 30 வருது, முதல் எண் நமக்கு எதுக்கு?” இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்ஜினின் கண்ணுக்கு 30 டிகிரிகூடக் குளிர்தான். காலையில் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் 30 டிகிரியில் இருக்கும். அப்போது ஒரு சராசரி 0டபிள்யூ-20 ஆயில், வேலை செய்யும் சூட்டில் இருப்பதைவிட சுமார் எட்டு மடங்கு கெட்டியாக இருக்கும். அதே காலையில், பழைய தலைமுறையின் பிரியமான 20டபிள்யூ-50, அந்த 0டபிள்யூ-20யைவிட இன்னும் நான்கு மடங்கு கெட்டி. டர்போவின் பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர வேண்டிய முதல் சில விநாடிகளில், “டுவென்டி-ஃபிஃப்டி போட்டா இன்ஜின் சத்தமே வராது” என்ற ஆலோசனை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். சத்தம் குறைவது உண்மைதான்.

நம்ம ஊர் வெயிலுக்கு கெட்டி ஆயில் வேண்டாமா?

பலரும் நம்பும் விஷயம் இது. ஆனால் வெளியே 42 டிகிரி அடித்தாலும், தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் கூலன்ட்டை 90 டிகிரிக்குப் பக்கத்தில் பிடித்து வைக்கின்றன. இன்றைய டர்போ இன்ஜின்கள் பலவற்றில் ஆயிலைக் குளிர்விப்பதும் அதே கூலன்ட்தான். ஆகவே டெல்லியின் மே மாதமும் பெங்களூரின் டிசம்பரும் உங்கள் ஆயிலுக்கு நாம் நினைக்கும் அளவுக்கு வித்தியாசமானவை அல்ல. ஆயிலைச் சூடாக்குவது உங்கள் வலது கால்தான்.

ட்ராக்கில் நிலைமையே வேறு. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட், கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே, கிரேட்டர் நொய்டாவில் புத் சர்க்யூட் என்று எங்கே போனாலும், ட்ராக் டேயில் பத்து நிமிடம் முழு மூச்சில் ஓட்டினால் ஆயில் 130 டிகிரியைத் தொடலாம். அந்தச் சூட்டில் ஒரு சராசரி 5டபிள்யூ-40 ஆயில் சுமார் 8 சென்டிஸ்டோக்குக்கு இளகிவிடும். அதாவது, 100 டிகிரியில் 20 கிரேடு ஆயில் எப்படி இருக்குமோ அப்படி. ஆக, ட்ராக்கில் 40 போடுபவர் உண்மையில் கெட்டி ஆயிலில் ஓட்டவில்லை. சாலையில் 20 தரும் படலத்தை அங்கேயும் தக்கவைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். அதே 130 டிகிரியில் 0டபிள்யூ-20 சுமார் 5 சென்டிஸ்டோக்குக்குப் போய்விடும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கும் சில மைக்ரான் இடைவெளியில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் கதையில் இன்னொரு சுவாரசியம் உண்டு. அதே நிறுவனத்தின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரிலும் இருப்பது 6.2 லிட்டர் வி8, அதே இன்ஜின் குடும்பம். அதற்கு 2019 மாடலிலிருந்தே 0டபிள்யூ-40தான். பால் வாங்கப் போகும் எஸ்யூவிக்கு 20, வேகமாகப் பறக்கும் காருக்கு 40. பிறகு ஏன் எல்லாருக்கும் 40 கொடுக்கவில்லை?

மைலேஜ் கணக்கு

காரணம் மைலேஜும் புகை விதிகளும். ஆயில் எவ்வளவு மெலிதோ, இன்ஜின் உள்ளே அதைத் தள்ளுவதில் வீணாகும் சக்தி அவ்வளவு குறைவு. கிடைப்பது ஓரிரு சதவீதம்தான். உங்கள் மாதப் பெட்ரோல் பில்லில் அதைக் கண்டுபிடிக்கக்கூட முடியாது. ஆனால் லட்சக்கணக்கில் கார் விற்கும் நிறுவனத்துக்கு அது பெரிய எண். இந்தியாவின் கஃபே விதிகள், ஒரு நிறுவனம் விற்கும் எல்லா கார்களின் சராசரி கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு வரம்பு வைக்கின்றன. 2017-18இல் கிலோமீட்டருக்கு 130 கிராம் என்று தொடங்கி, 2022-23 முதல் 113 கிராமாக இறுக்கினார்கள். அடுத்த கட்டம் இன்னும் இறுக்கும். ஒவ்வொரு கிராமுக்கும் அல்லாடும் இடத்தில், ஆயிலை மெலிதாக்குவதுதான் இருப்பதிலேயே மலிவான வழி.

இதைக் கேட்டதும் “அப்போ கம்பெனி நம்மளை ஏமாத்துது” என்ற முடிவுக்குப் பாய வேண்டாம். மெலிந்த ஆயிலுக்காகவே வடிவமைத்த இன்ஜினில் பேரிங்கின் அகலம், இடைவெளி, ஆயில் பம்ப் எல்லாம் அதற்கேற்பத்தான் இருக்கும். தினமும் அலுவலகம் போய்வரும் காருக்கு அந்த ஆயில் போதும். ஆனால் மேனுவலில் இருக்கும் கிரேடு இன்ஜினின் நலனை மட்டும் பார்த்து எழுதியது இல்லை, அதில் அரசாங்க விதிக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரே இன்ஜினுக்கு வெவ்வேறு நாட்டு மேனுவல்களில் வெவ்வேறு கிரேடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காகக் கெட்டியாக்கிக்கொண்டே போவதும் சரியில்லை. வால்வ் டைமிங்கை மாற்றும் பாகங்கள் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகின்றன. ஆயில் கெட்டியானால் அவை மந்தமாகும். பேரிங் வழியாக ஓடும் அளவு குறைந்தால் அங்கே உண்டாகும் சூட்டை அள்ளிக்கொண்டு போக ஆளில்லை. பிஎம்டபிள்யூ தனது இ46 எம்3 காருக்கு 10டபிள்யூ-60 சொன்னது. அது 8,000 ஆர்பிஎம் வரை அலறும், டர்போ இல்லாத இன்ஜின். பின்னால் வந்த டர்போ எம் இன்ஜின்களுக்கு அதே நிறுவனம் அதைவிட மெலிந்த ஆயிலைத்தான் சொல்கிறது. “ரேஸ் கார்ல 60 போடுவாங்க ப்ரோ” என்று யாராவது சொன்னால், எந்த இன்ஜினில் என்று திருப்பிக் கேளுங்கள்.

எண்ணை மட்டும் பார்த்தால் போதாது

இங்கேதான் நிறைய பேர் கோட்டைவிடுகிறார்கள். ஒரே 5டபிள்யூ-30 என்று எழுதிய இரண்டு கேன்கள் ஒன்றல்ல. இன்ஜின் உள்ளே ஆயில் சும்மா சூடாவதில்லை, நசுங்குகிறது. 150 டிகிரி சூட்டில் வேகமாக நசுக்கினால் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்குத் தனி அளவு இருக்கிறது: ஹெச்டிஹெச்எஸ். 30 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.9 போதும். ஆனால் ஐரோப்பாவின் ஏசிஇஏ தரத்தில் சி3 அல்லது ஏ3/பி4 என்று போட்ட 5டபிள்யூ-30, 3.5-ஐத் தாண்டியே ஆக வேண்டும். அது கிட்டத்தட்ட 40 கிரேடின் பலம். ஏ5/பி5 என்று போட்டிருந்தால் 3.5-க்குக் கீழே. கேனின் முன்பக்கம் இரண்டிலும் ஒரே எண்தான். வித்தியாசம் பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் 502 00, 504 00 மாதிரி நிறுவனங்களின் சொந்த அப்ரூவல் எண்களும் அங்கேதான் இருக்கும். கிரேடைவிட இந்த எண் முக்கியம் என்றே சொல்வேன்.

நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போவுக்கு இன்னொரு சிக்கல். குறைந்த ஆர்பிஎம்மில், பெரிய கியரில், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளலாம். எல்எஸ்பிஐ என்பார்கள். பிஸ்டனையே உடைக்கக்கூடியது. ஆயிலில் இருக்கும் கால்சியம் சேர்மானம் இதைத் தூண்டுவதாகத் தெரிந்தபின், 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி தரத்தில் இதற்கென்றே சோதனை சேர்த்தார்கள். டர்போ கார் என்றால் எஸ்பி-க்குக் கீழே உள்ள ஆயிலை, எத்தனை கெட்டியாக இருந்தாலும், தொடாதீர்கள்.

சரி, இப்போ என்ன பண்றது?

கார் வாரண்டியில் இருக்கிறதா, தினமும் ஓஎம்ஆரிலோ அவுட்டர் ரிங் ரோட்டிலோ ஊர்ந்து போய்வருகிறீர்களா? மேனுவல் சொல்வதைப் போடுங்கள், விவாதமே வேண்டாம். நீங்கள் கவலைப்பட வேண்டியது கிரேடு பற்றி அல்ல, காலம் பற்றி. மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தும் ஓட்டத்தில் இன்ஜின் முழுசாகச் சூடேறாது. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை மெலிதாக்கும். 30 போட்டவரின் இன்ஜினில் சில மாதம் கழித்து 20 ஓடிக்கொண்டிருக்கும். சர்வீஸ் கிலோமீட்டர் வரவில்லை என்று தள்ளிப்போடாமல், மாதக் கணக்குப்படி மாற்றுங்கள்.

ட்ராக் டே போகிறவர், ஸ்டேஜ் 1 ரீமேப் செய்தவர் என்றால் மேனுவலில் உள்ள கிரேடு அட்டவணையை முதலில் பாருங்கள். பல மேனுவல்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடுக்கு அனுமதி இருக்கும். அதில் சூடான பக்க எண்ணை ஒரு படி ஏற்றலாம்: 30 இருந்த இடத்தில் 40. முதல் எண்ணை ஏற்றாதீர்கள். ஜெனரல் மோட்டார்ஸ் செய்ததைக் கவனியுங்கள், 20ஐ 40 ஆக்கியது, ஆனால் 0டபிள்யூ அப்படியே இருந்தது. ரீமேப் செய்ததை சர்வீஸ் சென்டரிடம் மறைத்துவிட்டு ஆயிலை மட்டும் மாற்றினால் வாரண்டி காப்பாற்றும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி ஆயில் குடிக்க ஆரம்பித்த கார் என்றால், கெட்டி ஆயில் கொஞ்ச நாள் சமாளிக்கும். தேய்ந்த ரிங்கை அது திரும்ப வளர்க்காது. அமெரிக்காவிலும் குறை உறுதியான இன்ஜின்களுக்கு 0டபிள்யூ-40 ஊற்றி அனுப்பிவிடவில்லை. பழுதுபார்த்தார்கள் அல்லது மாற்றினார்கள்.

கடைசியாக, அடுத்த சர்வீஸ் பில்லைப் பாருங்கள். “இன்ஜின் ஆயில்” என்று மொட்டையாகப் போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்து, பிராண்ட், கிரேடு, அப்ரூவல் எண் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். டிரம்மிலிருந்து ஊற்றினார்களா, சீல் உடைத்த கேனிலிருந்தா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு இன்ஜின் வாரண்டி கேட்டுப் போனால், உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தாள்தான்.