சிப்பு சின்னது... சிக்கல் பெருசு!

போன மாசம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு போன். கோவையில் இன்ஜினீயரிங் படிக்கிற சித்தப்பா பையன். குரலே சரியில்லை.

‘‘அண்ணா... பார்சல் மெட்ராஸ் ஏர்போர்ட்ல மாட்டிக்கிச்சுங்ணா. எலெக்ட்ரிக் கோ-கார்ட்டுக்கு ஆர்டர் பண்ணுன சிப்பு. வரி கட்டச் சொல்றாங்க. கேட்டா தலை சுத்துது!’’

அவனுங்க பத்துப் பேர் சேர்ந்து, மெஸ் காசை மிச்சம் பிடிச்சு, காலேஜ் ரேஸுக்காகக் கட்டுற வண்டி அது. சிப்போட விலை, வந்து சேர்ற செலவெல்லாம் சேர்த்து 20,000 ரூபாய். கூரியர் கம்பெனி அனுப்பின பேப்பரை வாட்ஸ்அப்பில் போடச் சொல்லிப் பார்த்தேன். பொருள்: ‘கார் உதிரி பாகம்’. எண்: 8708. அடடா, இங்கேதான் வில்லன்!

நான் படிச்சு முடிச்சதும் ரெண்டு வருஷம் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் குப்பை கொட்டினவன். அங்கே முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம் இதுதான்: ‘கஸ்டம்ஸுக்குப் பொருளோட பேர் ரெண்டாம்பட்சம்டா தம்பி, நம்பர்தான் முக்கியம்!’

உலகத்தில் வாங்கி விற்கிற எல்லாப் பொருளுக்கும் ஒரு எண் உண்டு மக்களே. ஊசியிலிருந்து விமானம் வரைக்கும். உலக சுங்க அமைப்பின் ‘ஹார்மனைஸ்டு சிஸ்டம்’ 1988-ல் நடைமுறைக்கு வந்தது. முதல் ஆறு இலக்கம் பெரும்பாலான நாடுகளுக்குப் பொது. நம்ம ஊரில் இன்னும் ரெண்டு சேர்த்து எட்டு. அந்த எண் மாறினால் வரி மாறும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

‘கார்ல போடுற பொருள்னா கார் அத்தியாயத்துலதானே வரும்?’னு கேட்கத் தோணும். அங்கேதான் பலரும் வழுக்கி விழறாங்க. ஒரு காரைப் பிரிச்சுப் போட்டுப் பாருங்க. டயர் 4011, ரப்பர் அத்தியாயம். ரியர்வியூ கண்ணாடி 7009, கண்ணாடிச் சாமான். சீட் 9401, ஃபர்னிச்சரோட சேர்த்தி! ஹெட்லைட், ஹாரன் 8512. ஸ்பீடோமீட்டர் 9029. டேஷ்போர்டு கடிகாரம் 9104. அட, ஒரே காருக்குள்ளே அரை டஜன் அத்தியாயம்!

ஏன் இப்படி? வாகனங்கள் இருக்கிற 17-வது பிரிவின் ஆரம்பத்திலேயே ஒரு குறிப்பு இருக்கு. 85-வது அத்தியாயத்து மின் சாதனங்கள் வாகனத்துக்கே போனாலும் ‘வாகன பாகம்’ ஆகாது என்கிறது 2(f) குறிப்பு. அடுத்த குறிப்பு, ‘முழுக்கவோ முக்கியமாகவோ அந்த வாகனத்துக்கே பொருந்துவதுதான் பாகம்’ என்கிறது. ரெண்டுக்கும் நடுவில்தான் கோர்ட், கேஸ் எல்லாம்.

பெரிய சண்டை ஒண்ணு சொல்றேன். ரயில் சிக்னலில் பயன்படுகிற ரிலே. மின்சாதனம் என்று 8536-ல் வைப்பதா, ரயில் சிக்னல் கருவியின் பாகம் என்று 8608-ல் வைப்பதா? வெஸ்டிங்ஹவுஸ் சாக்ஸ்பி ஃபார்மர் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போச்சு. 2021 மார்ச்சில், அந்த ரிலே சிக்னலுக்கென்றே பயன்படுவதால் 8608-தான் என்று தீர்ப்பு. உடனே, ‘அப்போ கார் எலெக்ட்ரானிக்ஸ் எல்லாமே கார் பாகமா?’ என்று கேள்வி கிளம்பிச்சு. 2022 ஜனவரியில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் ஒரு அறிவுறுத்தல் போட்டது. இந்தத் தீர்ப்பைக் கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்துக்கும் பொருத்தாதீங்க, ஒவ்வொரு பொருளையும் அதன் விவரம், குறிப்புகளோட வைத்துப் பாருங்க என்பதுதான் அதன் சாரம்.

நம்ம பையன் சிப்புக்கு அந்தத் தலைவலி கூட இல்லை. 85-வது அத்தியாயத்தின் 12-வது குறிப்பு தெளிவா சொல்லுது: 8541, 8542-ல் அடங்கும் செமிகண்டக்டர், இன்டகிரேட்டட் சர்க்யூட்டுகளுக்கு, அவை என்ன வேலை செய்தாலும், அந்த எண்ணுக்கே முன்னுரிமை. காரில் போட்டாலும் சரி, கிரைண்டரில் போட்டாலும் சரி, மைக்ரோகன்ட்ரோலர் சிப் 8542!

கணக்கு பாருங்க. 8708 என்றால் 15% அடிப்படை சுங்க வரி, 3,000. அதன் மேல் 10% சமூக நல சர்சார்ஜ், 300. மொத்தத்துக்கும் 18% ஐ.ஜி.எஸ்.டி, 4,194. ஆக 7,494 ரூபாய். 8542 என்றால் அடிப்படை வரி பூஜ்யம். ஐ.ஜி.எஸ்.டி மட்டும் 3,600. வித்தியாசம் 3,894 ரூபாய். ஸ்டூடன்ட் பாக்கெட்டுக்கு அது சின்னத் தொகையா?

சிப்போட டேட்டாஷீட், பில், ‘இது அசெம்பிள் செய்யாத இன்டகிரேட்டட் சர்க்யூட்’ என்று ஒரு பக்க விளக்கம், மூணையும் கூரியர் கம்பெனிக்கு அனுப்பச் சொன்னேன். ரெண்டு நாளில் எண் திருத்தப்பட்டு பார்சல் வெளியே வந்தது.

பையனுக்கு ஒரே குஷி. ‘‘சூப்பருங்ணா! அடுத்த பார்சல்ல கன்ட்ரோலர் போர்டு வருது. அதையும் ‘சிப்பு’ன்னே போட்டுரலாமுங்களா?’’

‘‘டேய், அடி வாங்குவே!’’ன்னேன்.

சிப்பைப் போர்டில் வைத்து, மற்ற பாகங்களோட சாலிடர் பண்ணி, ஒரு வேலை செய்கிற யூனிட்டாக மாற்றியாச்சுன்னா அது வேற ஜாதி. அது எதை அளக்குது, எதைக் கட்டுப்படுத்துதுன்னு பார்த்துத்தான் எண் வரும். தெரிஞ்சே தப்பா எழுதினா சுங்கச் சட்டம் 111-வது பிரிவில் பொருளைப் பறிமுதல் செய்யலாம். அதுக்கு மேலே அபராதம். வேணும்னே மறைச்சா அஞ்சு வருஷத்துக்குப் பின்னோக்கியும் வரி கேட்கலாம். ‘வரி எங்கே கம்மி?’ன்னு தேடுறது வகைப்படுத்தல் இல்லை, வம்பு!

வெளிநாட்டிலிருந்து ப்ராஜெக்ட் சாமான் வரவழைக்கிற மக்களுக்கு மூணே மூணு டிப்ஸ்:

1. பில்லில் ‘கார் பார்ட்ஸ்’ என்று மொட்டையா எழுத விடாதீங்க. பொருள் என்ன, மாடல் எண் என்னன்னு விற்பவரையே தெளிவா எழுதச் சொல்லுங்க.

2. டேட்டாஷீட்டை பார்சல் வர்றதுக்கு முன்னாடியே கூரியருக்கு அனுப்புங்க. வரி கட்டினபிறகு திருத்துறது பெரும்பாடு.

3. நாளைக்கு ஸ்டார்ட்-அப் தொடங்கி லோடு லோடா இறக்குமதி பண்ணப் போறீங்களா? முன்கூட்டியே தீர்ப்பு தர சுங்க ஆணையம் மும்பையிலும் டெல்லியிலும் இருக்கு. முதலில் கேட்டுட்டு, அப்புறம் கப்பலேத்துங்க.

போன வாரம் பையன் போட்டோ அனுப்பினான். கிரீஸ் அப்பின பத்து முகம், நடுவில் வண்டி. கீழே ஒரு வரி: ‘‘கன்ட்ரோலர் போர்டுக்கு ஒழுங்கா வரி கட்டியாச்சுங்ணா. பத்து நாளா எல்லாருக்கும் தயிர்சாதம்தான். ஆனா வண்டி ஓடுது!’’

தயிர்சாதம் செரிக்கும் தம்பி. பொய்க் கணக்குதான் செரிக்காது!