ஸ்ரீபதி: பெண்பால்

‘ஸ்ரீபதி’ என்றால் திருமகளின் கணவன், திருமால். வடமொழிக் கணக்கில் ஆண் பெயர், பாடகர் எஸ்.பி.பி.யின் ‘எஸ்’கூட ஸ்ரீபதிதான். ஆனால் ஜவ்வாது மலையின் புலியூரில் அது பெண் பெயர். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த வி. ஸ்ரீபதி, 2023 நவம்பரில் குழந்தை பெற்ற இரண்டே நாளில் சென்னைக்குப் போய்த் தேர்வெழுதினார். 2024இல், 23 வயதில், உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். பெண்ணுக்கு இப்படிப் பெயர் வைக்கலாமா என்று கேட்கும் பண்டிதர்களுக்கு ஒன்று சொல்வேன். தமிழில் ‘பதி’ என்றால் ஊரும்தான். திரு உறையும் ஊர் எந்தப் பாலுக்கும் பொருந்தும். அதைவிடப் பெரிய உரை ஒன்று உண்டு. இனி அந்த மலையில் ஒரு பெண் குழந்தைக்கு ஸ்ரீபதி என்று பெயர் வைத்தால், பொருள் தேடி யாரும் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை.