தூணை எண்ணாதீர்கள், வண்டியை எண்ணுங்கள்

"மெட்ரோ மட்டும் முடியட்டும், அப்புறம் பாருங்க." ஆற்காடு சாலையில் தகரத் தடுப்புகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருக்கும் ஆட்டோக்காரர் இதைச் சொல்கிறார். நாவலூரில் அடுக்குமாடி வீடு விற்கும் தரகர் சொல்கிறார். ஆளுங்கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும், அதைக் கொண்டுவந்தது நாங்கள்தான் என்ற சண்டைக்கு நடுவே, ஒரே குரலில் சொல்கிறார்கள். புழுதியையும், சுற்றிவிடப்படும் பேருந்துகளையும், காணாமல் போன நடைபாதைகளையும் சென்னைக்காரர்கள் வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு வாக்கியத்தின் பேரில்தான்.

இந்த வாக்கியம் ஒரு மூடநம்பிக்கை. மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், இன்னும் முப்பது வருடம் முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் தண்டவாளம் போட்டுவிட்டாலே பயணம் நடந்துவிடும், வரைபடத்தில் கோடு நீள நீள ஊரின் நெரிசல் கரைந்துவிடும் என்று நம்புவதற்குச் சென்னை இதுவரை எந்த ஆதாரமும் தரவில்லை. அதற்கு நேரெதிரான ஆதாரமோ ஊரின் நடுவிலேயே தூண்களின் மேல் நிற்கிறது.

பறக்கும் ரயில் என்று நாம் செல்லப்பெயர் வைத்த பாதை அது. 1995-இல் கடற்கரை நிலையத்திலிருந்து கிளம்பி, 1997-இல் திருமயிலையைத் தொட்டு, 2007-இல் வேளச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கிங்காம் கால்வாயின் மேலேயே பெரும்பகுதி தூண்களை ஊன்றினார்கள். நிலையங்களையும் சும்மா கட்டவில்லை. கல்யாண மண்டபத்தை அடுக்கடுக்காக ஏற்றிவைத்த மாதிரி ஆகாசத்துக்குக் கட்டினார்கள். உள்ளே கடைகள் வரும், அலுவலகங்கள் வரும், வாடகையிலேயே ரயில் ஓடும் என்றார்கள். வந்தது இருட்டுதான். இன்றும் மாலை ஏழு மணிக்கு மேல் சில நிலையங்களின் படிக்கட்டில் தனியாக ஏறப் பெண்கள் தயங்குகிறார்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, அடையாறு என்று ஊரின் நெருக்கமான பேட்டைகளை ஒட்டிப் போகும் பாதைக்கே இந்தக் கதி. பாதையில் குறையில்லை. வண்டி எப்போது வரும் என்ற உறுதி இல்லை. இறங்கினால் பேருந்து நிறுத்தம் இல்லை. நிலையத்துக்குப் போக நடைபாதை இல்லை.

அதோடு முடிந்ததா? வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை ஐந்து கிலோமீட்டர் நீட்டிப்பு வேலையை 2008-இல் தொடங்கினார்கள். மெட்ரோவே 2016-இல் பரங்கிமலைக்கு வந்து நின்றுவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து வரவேண்டிய பறக்கும் ரயிலோ ஆதம்பாக்கத்தில் சிறு துண்டு நிலத்தின் வழக்கில் சிக்கிப் பத்து வருடத்துக்கும் மேல் அந்தரத்தில் நின்றது. புறநகர் ரயில், மெட்ரோ, பறக்கும் ரயில் மூன்றும் கைகோக்கும் நிலையம் என்று விளம்பரம் செய்யப்பட்ட இடத்தில், மூன்றாவது கை வெகுகாலம் நீளவே இல்லை.

2023 ஆகஸ்டில் இன்னொன்று நடந்தது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடுவதற்காக, பறக்கும் ரயிலைக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். 2024 அக்டோபர் இறுதியில்தான் வண்டி மறுபடி கடற்கரைக்குப் போனது. பதினான்கு மாதம், ஒரு பெருநகரத்தின் ரயில் பாதை பாதியில் வெட்டப்பட்டுக் கிடந்தது. ஊர் கொதித்ததா? இல்லை. புதிய மெட்ரோ தூண் எங்கே வருகிறது என்று பார்ப்பதில் இருந்த ஆர்வம், இருக்கிற ரயில் ஏன் ஓடவில்லை என்று கேட்பதில் இல்லை.

அந்தப் பதினான்கு மாதத்துக்குள்தான் மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி வந்தது, 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். கடற்கரையை ஒட்டி ஓடும் ஒரே ரயில் பாதை பறக்கும் ரயில். அது ஒருபக்கம் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றிருந்தது. மறுபக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில்தான் வண்டிகள். வேளச்சேரியிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் நடைமேடையில் கால்வைக்க இடமில்லாமல் ஜனங்கள் நெருக்கியடித்து நின்ற காட்சியை நாடே பார்த்தது. பாதை இருந்தது, நிலையம் இருந்தது, பயணிகள் இருந்தார்கள். வண்டிதான் இல்லை.

"அது ரயில்வேக்காரர்கள் செய்த கூத்து, மெட்ரோ அப்படியில்லை" என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், மெட்ரோ சுத்தமாக இருக்கிறது, குளுகுளுவென்று இருக்கிறது, சொன்ன நேரத்துக்கு வருகிறது. 2015 ஜூனில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே தொடங்கி, இப்போது விம்கோ நகர் வரை 54 கிலோமீட்டர் ஓடுகிறது. 2024-ஆம் ஆண்டு முழுவதும் அதில் பயணம் செய்தவர்களின் எண்ணிக்கை சுமார் 10 கோடியே 52 லட்சம். நாள் ஒன்றுக்கு மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதே ஊரில் மாநகரப் பேருந்து நாள்தோறும் முப்பது லட்சம் பேருக்கு மேல் ஏற்றிச்செல்கிறது. யாருடைய தோளில் இந்த ஊர் நகர்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் பேருந்துக்காக யாரும் அடிக்கல் நாட்டுவதில்லை.

மெட்ரோ வந்தால் சாலை காலியாகும் என்பது இந்த நம்பிக்கையின் இரண்டாம் பாதி. அண்ணா சாலைக்கு அடியில் 2018 மே மாதத்திலிருந்து மெட்ரோ ஓடுகிறது. சாலை காலியாகிவிட்டதா? அதே அண்ணா சாலையில், அதே சுரங்கத்துக்கு மேலேயே, தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் மேம்பாலத்தை 621 கோடி ரூபாயில் கட்ட 2024-இல் அரசு வேலை தொடங்கியது. அடியில் ரயில் விட்ட அரசே மேலே காருக்குப் பாலம் கட்டுகிறது என்றால், மெட்ரோ நெரிசலைத் தீர்த்துவிடும் என்று அரசுக்கே நம்பிக்கை இல்லை என்றுதானே பொருள்? ரயிலுக்குப் போனவர் விட்ட இடத்தில் அடுத்த கார் வந்து நிற்கிறது. சாலையில் பேருந்துக்குத் தனித்தடமும் ஆளுக்கு நடைபாதையும் ஒதுக்காதவரை, எத்தனை சுரங்கம் தோண்டினாலும் மேலே அதே கூட்டம்தான்.

சரி, மெட்ரோவின் அந்த மூன்று லட்சம் பயணிகள் ஏன் ஆறு லட்சமாகவில்லை? வண்ணாரப்பேட்டையில் குடியிருந்து கிண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவர் வீட்டுப் பக்கத்தில் மெட்ரோ இருக்கிறது, கிண்டியிலும் இருக்கிறது. ஆனால் 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் அவருக்குப் பயணம் இலவசம். மெட்ரோவில் ஏறினால் போகவும் வரவும் தனித்தனியாகக் காசு. கிண்டியில் இறங்கியதும் ஷேர் ஆட்டோவுக்கு மறுபடி காசு. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிப்பவர் எதில் ஏறுவார்? இரண்டு பயணத்தையும் ஒரே கட்டணத்தில் கட்டிப்போட்டிருந்தால் அவரும் மெட்ரோவில் இருந்திருப்பார். சென்ட்ரலில் போய்ப் பாருங்கள். புறநகர் ரயிலின் பார்க் நிலையம், பறக்கும் ரயிலின் பார்க் டவுன், மெட்ரோவின் சென்ட்ரல், மூன்றும் கூப்பிடு தூரத்தில். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறினால் கட்டணம் புதிதாகத் தொடங்குகிறது.

இதையெல்லாம் ஒன்றாக்கத்தான் சென்னைக்கு ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் ஒன்றை அமைக்க 2010-இலேயே சட்டம் போட்டார்கள். அந்தக் குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். சட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் மெட்ரோ நிறுவனம் சுரங்கம் தோண்டி, ரயில் விட்டு, நீட்டிப்பும் முடித்துவிட்டது. காங்கிரீட்டுக்கு இருந்த அவசரம் கலந்துபேச இல்லை. 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' என்று ஒரு செயலி வந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் பயணச்சீட்டு எடுக்கலாம். நல்ல காரியம். ஆனால் சீட்டு ஒன்றாவது வேறு, கட்டணம் ஒன்றாவது வேறு. முன்னது கைப்பேசியில் முடிந்துவிடும். பின்னதற்கு மாநில அரசும் ரயில்வேயும் மெட்ரோ நிறுவனமும் கல்லாவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

கலந்துபேசாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கிளாம்பாக்கம் போதும். கோயம்பேடு பேருந்து நிலைய வாசலிலேயே மெட்ரோ நிலையம் கட்டினோம். ஊருக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு மெட்ரோவில் வந்திறங்கிப் பேருந்து ஏறப் பழகினார்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையத்தைத் திறந்து, தென்மாவட்டப் பேருந்துகளை அங்கே கொண்டுபோனோம். அங்கே மெட்ரோ இல்லை. ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்பக்கமே புறநகர் ரயில் ஓடுகிறது; ஆனால் முனையம் திறந்த நாளில் அந்த இடத்தில் ஒரு நிலையமும் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கிக் கைக்குழந்தையோடு ஆட்டோவுக்குப் பேரம் பேசியவர்களுக்கு யார் பதில் சொன்னார்கள்?

இதற்குப் பரிகாரமாக என்ன சொல்கிறார்கள் தெரியுமா? விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோ. 15.46 கிலோமீட்டர், திட்ட அறிக்கையின்படி 9,335 கோடி ரூபாய். அந்த வழி நெடுகப் புறநகர் ரயில் பாதை இருக்கிறது, அதுவும் 1931-லேயே தாம்பரம் வரை மின்சார வண்டி ஓடிய பாதை. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை 30 கிலோமீட்டருக்கு நான்காவது பாதை போட ரயில்வே ஒப்புதல் தந்த தொகை 757 கோடி. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இருக்கிற பாதையில் கூடுதல் வண்டியும், எல்லோருக்கும் கட்டுப்படியாகும் கட்டணமும் கேட்டுப் போராடியபின் மெட்ரோ கேட்டால் நியாயம். அந்தப் பாதையில் 2025 ஏப்ரலில் குளிர்சாதன வண்டி வந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியில் அது ஐந்து ரூபாய். காலையில் பல்லாவரத்தில் படியில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கு எது தேவை என்று கேட்டு அந்த வண்டியை விட்டதாகத் தெரியவில்லை.

"மெட்ரோ இரண்டாம் கட்டம் முடிந்தால் எல்லாம் மாறும்" என்பது கடைசி வாதம். 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம், 63,246 கோடி ரூபாய். பாதை முடிந்தாலே போதுமா? பெங்களூரைப் பாருங்கள். அங்கே ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர் மஞ்சள் பாதை, 16 நிலையங்கள். பாதை தயாராகி வெகுநாள் வண்டிக்காகக் காத்துக் கிடந்தது. 2025 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் வந்து திறந்துவைத்தார். அன்று அந்தப் பாதைக்கு இருந்த வண்டிகள் மூன்று. 25 நிமிடத்துக்கு ஒன்று. தகவல் தொழில்நுட்ப நகரத்தின் நெஞ்சுக்கு நடுவே பல ஆயிரம் கோடியில் கட்டிய பாதையில், கிராமத்துப் பேருந்து போல வண்டி வந்தது. நம் முதல் கட்டத்திலும் நடைமேடைகளை ஆறு பெட்டிக்குக் கட்டிவிட்டு, நான்கு பெட்டி வண்டிகளை ஓட்டித்தான் பத்து வருடம் ஓட்டியிருக்கிறோம். தூணுக்குக் கடன் கிடைக்கிறது, திறப்பு விழா கிடைக்கிறது, கல்வெட்டில் பெயர் கிடைக்கிறது. கூடுதல் பெட்டி வாங்கினால் கல்வெட்டு வைக்க இடமில்லை.

சிக்கலின் வேர் இங்கேதான். நீளம் என்பது அளக்க எளிது, அறிவிக்க எளிது. சேவை என்பது தினமும் காலை ஐந்து மணிக்கு மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டிய வேலை. எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி, அதில் நிற்க இடமிருக்குமா, இறங்கினால் அடுத்த பேருந்து எங்கே, நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்க வழி இருக்கிறதா, மொத்தம் எவ்வளவு செலவு: பயணம் என்றால் இந்த ஐந்தும் சேர்ந்ததுதான். ஐந்தில் ஒன்றையும் எந்தத் திறப்பு விழாவிலும் யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

2025-இல் பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்க ரயில்வே வாரியம் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. பெயர்ப்பலகையும் வண்ணமும் மாறிவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். புதிதாக ஒரு தூண்கூட ஊன்றாமல், பத்து நிமிடத்துக்குக் குறைவான இடைவெளியில் வண்டியும், ஒவ்வொரு நிலைய வாசலிலும் சிற்றுந்தும், இரவிலும் எரியும் விளக்கும் கொடுத்தாலே அந்தப் பாதை பிழைத்துவிடும். அதைச் செய்ய முடியாத நிர்வாகம் 118 கிலோமீட்டரையும் அதே கதிக்குத்தான் கொண்டுபோகும்.

அடுத்த தேர்தலுக்கு உங்கள் தெருவுக்கு வருகிறவர் எத்தனை கிலோமீட்டர் மெட்ரோ கொண்டுவந்தோம் என்று கணக்குச் சொல்வார். மாலை போடுவதற்கு முன் இதைக் கேளுங்கள்: எங்கள் நிலையத்தில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும், அங்கிருந்து வீட்டுக்கு எந்தப் பேருந்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டணமா? எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அவர் கொண்டுவந்தது காங்கிரீட் மட்டுமே.