மனை பார்க்கப் போகும் முன்...

வில்லியனூர், பாகூர் பக்கம் பஸ்ஸில் போனால் வழியெல்லாம் நெல்வயல், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். நடுநடுவே வெள்ளைக் கல் நட்டு, கலர் கொடி கட்டி, ஏதோ ஒரு ‘நகர்’ என்று பலகை நிற்கும். குழிக் கணக்கில் கைமாறிய நஞ்சை நிலம், இப்போது சதுர அடிக் கணக்கில் விலை போகிறது.

நான் குறை சொல்லவில்லை. டவுனில் வாடகை கொடுத்து மாளாத சின்னக் குடும்பங்கள் எங்கேதான் போவார்கள்? விற்கிற விவசாயியும் ஆசைப்பட்டா விற்கிறார்? உழுது கட்டுப்படியாகவில்லை, பெண்ணுக்குக் கல்யாணம் நிற்கிறது. ஆனால் சகோதரிகளே, மனை பார்க்கப் போகிற நாம் வாஸ்து கேட்கிறோம், பஸ் ஸ்டாப் கேட்கிறோம். “இந்த இடத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்?” என்று மட்டும் கேட்பதில்லை.

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். அந்தப் பேர் ஏரியால் வந்தது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. சிங்காரி, பங்காரி என்ற இரண்டு தாசிப் பெண்கள் தங்கள் சொத்தைப் போட்டு வெட்டினார்கள் என்பது இந்தப் பக்கத்துக் கதை. (பெண் பேரில் வாய்க்கால் உள்ள ஊர் எத்தனை, சொல்லுங்கள்!) வில்லியனூர்ப் பக்கம் ஊசுடு ஏரி. 2008-ல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்.

பெரிய ஏரியில் யாரும் கல் நட முடியாது. சத்தமில்லாமல் காணாமல் போவது வயலுக்கு வயல் ஓடுகிற சின்னக் கால்வாயும் வடிகாலும்தான். அதைத் தூர்த்து ரோடு போட்டு, மனையை மண் கொட்டி இரண்டடி உயர்த்தினால், நம் வாசல் காய்ந்திருக்கும். தண்ணீர் பழைய தெருவில் போய் நிற்கும். தலைமுறையாக அங்கே இருப்பவர்களுக்குப் புதுசாக வந்தவர்கள் மேல் எப்படிப் பிரியம் வரும்?

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட, பெண்ணை பெருகி பாகூர்க் கிராமங்களில் புகுந்தது. அப்படிப்பட்ட மழைக்கு எந்த ஊரும் தாங்காது. பழியை எல்லாம் பிளாட் மேல் போட மாட்டேன். ஆனால் மழை விட்டும் தண்ணீர் வடியாமல் நிற்கிறதே, அது வேறு சமாசாரம். குழந்தைக்குச் சேற்றுப்புண், கொசு, டெங்கு எல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

ஆகவே மனையை ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். சித்திரையில் எல்லா மனையும் மேடுதான்! புரோக்கரை விட்டு, பக்கத்தில் மாடு மேய்க்கிற ஆயாவைக் கேளுங்கள். “ஆயா, மழைக்கு இங்க தண்ணி நிக்குமா?” “நிக்காம? மொழங்கால் ஆழம் நிக்கும்மா. நண்டு புடிப்போம்” என்றால் கும்பிடு போட்டுத் திரும்பிவிடுங்கள்.

அங்கீகாரம் உண்டா என்று நகர அமைப்புக் குழுமத்தில் விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பக்கத்துத் தமிழ்நாட்டில் 2016-ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டபோது, நகையை விற்று வாங்கியவர்கள் பட்ட பாடு தெரியுமல்லவா?

வீடு கட்டும்போது கழிவுநீர்க் குழி கிணற்றுக்கு 60 அடியாவது தள்ளி இருக்கட்டும். பக்கத்து வீட்டுக் கிணறும் கணக்கில் சேர்த்திதான். வாசலில் வாய்க்கால் ஓடினால் அதன் மேல் கான்கிரீட் போட்டு ஒரேயடியாக மூடிவிடாமல், தூக்கி எடுத்துச் சுத்தம் பண்ணுகிற மாதிரி பலகைக் கல்லாகப் போடச் சொல்லுங்கள். கொத்தனார் “எதுக்கும்மா வீண் வேலை?” என்பார். நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.