பிறப்புப் பத்திரம் எங்கே இருக்கிறது?



பன்னிரண்டு வயதானதும் பள்ளிப் பிள்ளைகள் அடையாளக் கார்டு எடுக்கப் போகிறார்கள். அந்த நாளில்தான் சில பெற்றோருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பிள்ளை இங்கே பிறந்தது, இங்கே படிக்கிறது. ஆனால் கையில் பத்திரம் இல்லை.

நம் முன்னோர் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கி, காடு திருத்தி, பால்மரம் வெட்டி இந்த நாட்டை வளப்படுத்தினார்கள். அந்தத் துறைமுகம் 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. இறங்கியவர்களில் சிலருடைய பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் குடியுரிமை கிடைக்கவில்லை.

அவசர காலத்தில், 1948இல், 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடையாளக் கார்டு கொடுத்தார்கள். கார்டு இருந்தால் குடிமகன் என்று பலர் நினைத்துவிட்டார்கள். கார்டு வேறு, குடியுரிமை வேறு. 1957இல் மெர்டேக்கா வந்தபோது, முதல் ஓராண்டுக்கு மலாய் மொழித் தேர்வு இல்லாமலே மனுச் செய்யும் சலுகை இருந்தது. தோட்டத்தில் எத்தனை பேருக்கு அது எட்டியது? 1969இல் குடிமக்கள் அல்லாதோருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும் பலர் பிழைப்பிழந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தங்கியவர்களில் பலர் சிவப்புக் கார்டோடு முதுமையடைந்தார்கள். அறுபது வயது கடந்த 3,407 இந்தியச் சிவப்புக் கார்டுக்காரர்களுக்குக் குடியுரிமை தரப்போவதாக அரசு 2018இல் அறிவித்தது. அறுபது ஆண்டு உழைத்த பிறகு வந்த சொல் அது!

இளையவர்களின் சிக்கல் வேறு. அதன் வேர் பல நேரம் கல்யாணத்தில் இருக்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதற்குப் பின் கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவும் வேண்டும். பதிவு இல்லையென்றால் பிள்ளை சட்டத்தின் கண்ணில் தாயின் பிள்ளை மட்டுமே. தகப்பன் குடிமகனாக இருந்தாலும், குடியுரிமையைத் தாயை வைத்தே பார்ப்பார்கள். தாய்க்கே பத்திரம் இல்லையென்றால்? பாட்டியின் குறை மகளுக்கு, மகளின் குறை பேத்திக்கு என்று இறங்கி வருகிறது. பிள்ளை பிறந்தபின் பதிவுக்கு ஓடுவது கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம்.

தோட்டம் விற்கப்பட்டு, லயத்தைக் காலி செய்து கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்சுக்கோ வந்த குடும்பங்களில், வண்டி ஏற்றும் அவசரத்தில் பத்திரங்கள் காணாமற்போனதும் உண்டு.

ஆகவே தங்கைமார்களே, தம்பிமார்களே, இந்த மாதமே தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

கல்யாணம் நிச்சயமானால், மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் பதிவுக்கு நாள் கேளுங்கள். உதவிப் பதிவாளர் உள்ள கோயில்களும் உண்டு. பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். வீட்டில் பெற்றாலும் இதே விதிதான்.

காலம் கடந்தவர்கள் மனம் தளர வேண்டாம். ஆஸ்பத்திரிக் கார்டு, தடுப்பூசிப் புத்தகம், பள்ளி ரிப்போர்ட், பிரசவத்தைக் கண்ட பாட்டிமார் சாட்சி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு தேசியப் பதிவு இலாகாவுக்குப் போங்கள். பத்திரம் இல்லாத பிள்ளைக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். இதற்கு வயது வரம்பு உண்டு. 21 ஆக இருந்த அதை 18 ஆகக் குறைக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2024இல் நிறைவேற்றியது. எனவே பிள்ளை சிறிதாக இருக்கும்போதே போங்கள்.

ஒரு முறை போய் முடியாவிட்டால் மறுமுறை போங்கள். மனுக் கொடுத்த ரசீதையும் நகலையும் பத்திரப்படுத்துங்கள். எழுதத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கு, எழுதத் தெரிந்த உங்கள் மகனை அல்லது மகளைத் துணைக்கு அனுப்புங்கள். ஒரு காலைப் பொழுது போகும்; ஒரு பிள்ளைக்குப் படிப்பும் வேலையும் நிலைக்கும்.